பெட்டிக்கு எப்போதும் ஞாயிற்றுக்கிழமை

டெச்சிமான்
12 ஜூன் 2022

என் சின்னப் புருஷன் அக்வாசிக்கு,

உன் அண்ணி அமா செர்வா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீ எப்படி இருக்கிறாய்? தமாலே வெயிலில் இன்னும் கறுத்திருப்பாய். புருஷனின் தம்பியையும் புருஷன் என்று கூப்பிடுவது நம் வழக்கம். நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் கரண்ட் போய், திரும்பி வந்த வேகத்தில் உன் அண்ணன் யாவின் கம்ப்யூட்டர் டப் என்று வெடித்து ஒரே புகை. சந்தைக்குப் பின்னால் பழைய கம்ப்யூட்டர் விற்பவரிடம் வேறொரு பெட்டி வாங்கினேன். பழைய பெட்டியில் டிஸ்க் மட்டும் பிழைத்திருக்கிறது என்றார். "அது எதுக்குங்க டீச்சர், தூக்கிப் போடுங்க, புதுசாவே எல்லாம் போட்டுத் தர்றேன்" என்றார். தூக்கிப் போடவா? பத்து வருஷமாக இந்த ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் அடக்கத்தன்று கொடுக்க உன் அண்ணன் அடித்த துக்கப் புத்தகங்கள் அதில்தான் இருக்கின்றன. அவருடைய படங்களும் அதில்தான். டிசம்பர் பத்து, சனிக்கிழமை, அவர் போனதற்கு முதலாண்டு. அன்றைக்குத்தான் நான் துக்கக் கறுப்பைக் கழற்றி வெள்ளை உடுத்த வேண்டும். ஊருக்கே புத்தகம் போட்ட மனுஷனுக்கு அவர் படமில்லாமல் புத்தகம் போடுவதா?

பெட்டியை ஓட்டும் லினக்ஸ் இதில் இருக்கிறது என்று கடைக்காரர் ஒரு யுஎஸ்பி குச்சி கொடுத்தார். பழைய டிஸ்கைப் புதுப் பெட்டியில் மாட்டி, குச்சியைச் செருகினேன். "டிஸ்கை அழித்துவிட்டு நிறுவவா?" என்று திரை கேட்டது. சுவரிலிருந்து வயரையே பிடுங்கிவிட்டேன்.

உனக்கு ஏழு தடவை போன் பண்ணினேன். நீ எடுக்கவில்லை. என் போன் வாளியில் விழுந்து செத்துவிட்டதால் உன் அண்ணனின் போனைத்தான் வைத்திருக்கிறேன். அதனால் இந்தக் கடிதத்தை பஸ் டிரைவர் அல்ஹசன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அடக்கத்தன்று கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டு, வீட்டுக்குள் வராமலே பஸ் ஏறிவிட்டாய். பார்த்தேன். அவருக்கு அடுத்த ஆண்பிள்ளை நீ. வெள்ளைத் துணியை நீதான் என் கையில் கொடுக்க வேண்டும். வருவாய்தானே?

வாயை அடக்கத் தெரியாத,
அமா செர்வா

தமாலே
21 ஜூன்

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

நலம். உங்கள் முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுங்கள். நீங்கள் வயரைப் பிடுங்கியது நல்ல காரியம். அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் கடவுளே வந்தாலும் அண்ணனின் கோப்புகளை மீட்க முடியாது. திரை எத்தனை தடவை கேட்டாலும், யார் சொன்னாலும், "அழித்துவிட்டு நிறுவு" என்பதை அழுத்தாதீர்கள். நானே சொன்னாலும் அழுத்தாதீர்கள்.

கடைக்காரரின் குச்சியைக் கழற்றிவிடுங்கள். பழைய டிஸ்க் அப்படியே இருக்கட்டும். அதில் அண்ணன் போட்ட பழைய லினக்ஸ் இருக்கிறது, அதை வைத்தே பெட்டியை எழுப்பிப் பார்ப்போம். பெட்டியைப் போட்டதும் F12-ஐத் தட்டிக்கொண்டே இருங்கள். பட்டியலில் பழைய டிஸ்கைத் தேர்ந்தெடுங்கள். என்ன வருகிறதோ அதை எழுத்துப் பிசகாமல் காகிதத்தில் எழுதி அனுப்புங்கள். இந்த வேலைக்குப் போனைவிடக் கடிதம்தான் சரி. போனில் கோடு என்றால் புள்ளி என்று கேட்கும்.

அந்த நம்பரிலிருந்து இனிக் கூப்பிட வேண்டாம்.

இங்கே கல்லூரியில் பரீட்சை நேரம், கம்ப்யூட்டர் அறையிலேயே குடியிருக்கிறேன்.

பணிவுடன்,
அக்வாசி

டெச்சிமான்
3 ஜூலை

என் சின்னப் புருஷனுக்கு,

மதிப்பாம், பணிவாம்! என்னைக் கண்டால் "என் பெண்டாட்டி வர்றா, வழி விடுங்கப்பா" என்று தெருவே கேட்கக் கத்திய பயல் நீ. உப்பு ஒத்தடத்தில் வலி கொஞ்சம் குறைந்தது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

சொன்னபடி செய்தேன். F12-ஐத் தட்டித் தட்டி விரல் வீங்கிவிட்டது. பழைய டிஸ்கைத் தேர்ந்தெடுத்ததும் திரையில் எழுத்து கடகடவென்று ஓடியது. பிறகு கறுப்பாகி, இடது மூலையில் ஒரு கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

கறுப்பாவதற்கு முன்னால் ஓடியதில் ஒரு வரியை எழுதிவைத்தேன். மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஆங்கிலம் புரியாதா என்ன? இந்த டிஸ்கைக் கடைசியாகத் தொட்ட நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. அக்வாசி, மே மாதத்துக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. எதிர்காலத்தில் யார் வந்து தொட்டது?

நீ ஏன் வீட்டுக்குள் வரவில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. நான்கு வருஷத்துக்கு முன்னால் உங்கள் அம்மாவின் துக்கப் புத்தகத்தில், பிள்ளைகள் பட்டியலில் உன் பெயர் இல்லை. ஊரே கூடியிருந்த இடத்தில் அது உனக்கு எவ்வளவு அவமானம் என்று எனக்குத் தெரியும். அடித்தது உன் அண்ணன். தப்புதான். ஆனால் மனுஷன் போய்விட்டார். டிசம்பர் பத்து பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே நீ.

அமா செர்வா

தமாலே
14 ஜூலை

அண்ணிக்கு,

நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

பயப்படாதீர்கள், பேயுமில்லை பிசாசுமில்லை. கரண்ட் இல்லாதபோதும் நேரத்தைக் காப்பாற்ற எல்லாப் பெட்டிக்குள்ளும் காசு மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்கும். உங்கள் பெட்டியில் அது செத்துப்போயிருக்கிறது. சுவர் ஸ்விட்சை அணைத்தாலே அது 2012 ஜனவரி முதல் தேதிக்கு ஓடிவிடும். அதன் கணக்கில் நாமெல்லோரும் எதிர்காலத்து ஆட்கள். அவ்வளவுதான். பேட்டரிக்கு அவசரமில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

திரை கறுப்பானதுதான் நிஜமான கோளாறு. பழைய லினக்ஸுக்கு இந்தப் பெட்டியின் திரைச் சில்லு பழக்கமில்லை. பட்டியல் வரும்போது e-ஐ அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீளமான வரியின் கடைசிக்குப் போய், ஒரு இடைவெளி விட்டு nomodeset என்று சிறிய எழுத்தில் அடித்து, F10-ஐ அழுத்துங்கள். படம் கொஞ்சம் பெரிதாகவும் அசிங்கமாகவும் வரும். ஆனால் வரும்.

மழை இங்கே இந்த வருஷம் தாமதம்.

அக்வாசி

டெச்சிமான்
7 ஆகஸ்ட்

அக்வாசிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

அந்தச் சொல்லை அடித்தேன். வந்துவிட்டது! திரையில் அவருடைய பெயர் போட்ட கதவு, அதற்குப் பின்னால் அவர் விட்டுப்போன மேசை. முடிக்காமல் விட்ட ஒரு புத்தகம்கூட மூடாமல் கிடக்கிறது. நான் தனியாகவே கை தட்டினேன். படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

அப்போது அவர் பேசினார்.

பாட்டு ரெக்கார்டு எதையும் நான் போடவில்லை. மௌஸின் மேல் கைகூட இல்லை. ஸ்பீக்கரிலிருந்து அவர் குரல், தொண்டையைச் செருமிவிட்டு அவர் பேச ஆரம்பிப்பாரே அதே மாதிரி. என்ன சொன்னார் என்று நான் எழுத மாட்டேன். உன் பெயர் அதில் இருந்தது.

மறுநாளும் அப்படியே. பெட்டியைப் போட்டு ஒரு மணி நேரத்தில் அதே வார்த்தைகள். அதற்கு மறுநாளும். பக்கத்து வீட்டு மாமே திவாவைக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். குரல் வந்ததும், "ஏசுவே! எங்க யாவ் அண்ணன்!" என்று எழுந்தவள், சர்ச்சில் ஜெபித்த எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து பெட்டியின் தலையில் சாய்த்துவிட்டாள். துடைத்து எடுக்க எனக்கு ஒரு நாள் பிடித்தது. நல்ல வேளை, ஓட்டை வழியாக உள்ளே போகவில்லை.

சிரிக்கிறாய் என்று தெரியும். நானும் சிரித்தேன். ஆனால் இப்போது பள்ளி விட்டு வந்ததும் முதலில் பெட்டியைத்தான் போடுகிறேன். ஒரு மணி நேரம் காத்திருக்கிறேன். இருப்பதில் நல்ல கறுப்புத் துணியாக எடுத்து உடுத்திக்கொண்டு உட்காருகிறேன், பைத்தியக்காரி. இது என்ன, சொல்.

அமா செர்வா

தமாலே
16 ஆகஸ்ட்

அண்ணிக்கு,

நலமே. இது அண்ணன் எழுதிவைத்த ஏற்பாடு. குறித்த நேரத்தில் குறித்த காரியத்தைத் தானாகச் செய்யச் சொல்லி லினக்ஸில் எழுதிவைக்கலாம். திரையில் கட்டளை அடிக்கும் கறுப்புச் சன்னலைத் திறந்து crontab என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சின்னக் கோடும் l என்ற எழுத்தும் சேர்த்து அடியுங்கள். வருவதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

குரல் என்ன சொல்கிறது என்பதை எழுத வேண்டாம்.

அக்வாசி

டெச்சிமான்
28 ஆகஸ்ட்

அக்வாசிக்கு,

ஒரே ஒரு வரிதான் வந்தது. முதலில் ஒரு பூஜ்யம். பிறகு மூன்று நட்சத்திரம். பிறகு இன்னொரு பூஜ்யம். அப்புறம் ஒலியைப் போடும் கட்டளை. கடைசியில் ஒலிக் கோப்பின் பெயர். அது உன் பெயர்தான், வேறெதுவும் இல்லை.

பூஜ்யத்துக்கும் நட்சத்திரத்துக்கும் என்ன அர்த்தம்? சந்தையில் சேனைக்கிழங்கு மலிவு, அல்ஹசனிடம் ஆறு கிழங்கு கொடுத்தனுப்பியிருக்கிறேன். பங்கு போட்டுவிடாமல் நீ சாப்பிடு.

அமா செர்வா

டெச்சிமான்
2 அக்டோபர்

அக்வாசிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கிழங்கையும் கடிதத்தையும் உன் கையிலேயே கொடுத்ததாக அல்ஹசன் சத்தியம் செய்கிறான். "படிச்சாரு, அங்கயே நின்னாரு, வண்டி கிளம்பற வரைக்கும் நின்னாரு டீச்சர்" என்றான். காய்ச்சலா? யாராவது பார்த்துக்கொள்கிறார்களா?

நீ சொல்லாததை நானே பள்ளியில் கணக்கு வாத்தியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் பூஜ்யம் நிமிஷம். நட்சத்திரம் என்றால் எல்லாமும். கடைசிப் பூஜ்யம் கிழமை, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமைகளில் மணிக்கொரு தரம் பேச வேண்டும் என்று எழுதியிருக்கிறார். ஞாயிறு முழுக்க நான் சர்ச்சிலும் மாதர் சங்கத்திலும் இருந்துவிடுவேன், அதனால்தான் அவர் உயிரோடு இருந்தபோது எனக்கு இது தெரியவில்லை.

பிறகு பழைய காலண்டரைத் தேடினேன். 2012 ஜனவரி முதல் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆக, நான் ஸ்விட்சைப் போடும்போதெல்லாம் இந்தப் பெட்டிக்கு ஞாயிறு பிறக்கிறது. செவ்வாயானாலும் வெள்ளியானாலும் அதற்கு ஞாயிறுதான்.

ஞாயிறு யார் பிறந்த கிழமை, அக்வாசி? நம் ஊரில் ஞாயிறு பிறந்த ஆண்பிள்ளைக்குத்தானே அக்வாசி என்று பெயர் வைக்கிறார்கள்?

பதில் எழுது.

அமா செர்வா

தமாலே
19 அக்டோபர்

அண்ணிக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் தாமதம்.

நீங்கள் எழுதியதையெல்லாம் வைத்துப் பார்த்தால் அந்தப் பழைய டிஸ்க் சாகக் கிடக்கிறது. எந்த நேரமும் போய்விடும். இத்துடன் ஒரு குச்சியும், இன்னொரு வெற்றுக் குச்சியும் வைத்திருக்கிறேன். படங்களை மட்டும் வெற்றுக் குச்சியில் எடுத்துவிடுங்கள். அது போதும், புத்தகத்துக்கு. பிறகு முதல் குச்சியைச் செருகிப் புது லினக்ஸை நிறுவுங்கள். "டிஸ்கை அழித்துவிட்டு நிறுவு" என்று வரும். அதை அழுத்துங்கள். பெட்டி சுத்தமாகிவிடும். குரல் தொந்தரவும் இருக்காது.

டிசம்பரில் கல்லூரியில் ஆய்வுக் குழு வருகிறது. விடுப்பு கிடைக்குமா தெரியவில்லை.

அக்வாசி

டெச்சிமான்
2 நவம்பர்

அக்வாசிக்கு,

உடம்பைப் பற்றி இந்தத் தடவை நான் கேட்கப்போவதில்லை.

உன் கடிதங்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஜூன் இருபத்தொன்றில் என்ன எழுதினாய்? "நானே சொன்னாலும் அழுத்தாதீர்கள்." உன் கையெழுத்துதான். அதனால் அழுத்தவில்லை. கணக்கு வாத்தியாரைக் கூட்டிவந்து டிஸ்கைச் சோதித்தேன். ஒரு கீறல்கூட இல்லை, இன்னும் பத்து வருஷம் ஓடும் என்கிறார். எதற்குப் பொய் சொன்னாய்? என் புருஷனின் வாயை என் கையாலேயே மூடவைக்கப் பார்த்தாயே, உனக்கு எப்படி மனசு வந்தது?

நீ கேட்க விரும்பாவிட்டாலும் எழுதத்தான் போகிறேன். அவர் சொல்வது இதுதான்:

"டேய் யாவ், இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. அக்வாசி பொறந்த கிழமை. அவனுக்குப் போன் போடு. எடுக்க மாட்டான். பரவால்ல, போடு."

அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. மறந்துவிடக் கூடாதென்று.

இன்னொன்றையும் கேள். படங்களைத் தேடும்போது உங்கள் அம்மாவின் புத்தகம் கிடைத்தது. அவர் எப்போதும் பழைய புத்தகம் ஒன்றை எடுத்துப் பெயர்களை மாற்றித்தானே புதிது அடிப்பார்? அன்றைக்கு எடுத்தது ஐந்து பிள்ளைகள் இருந்த வீட்டுப் புத்தகம். உங்கள் அம்மாவுக்கு ஆறு. ஆறாவது வரி அடுத்த பக்கத்தில் போய் விழுந்திருக்கிறது, அந்தப் பக்கத்தின் உச்சியில் அம்மாவின் பெரிய படம். நான் மௌஸால் அம்மாவின் படத்தை மெல்ல நகர்த்தினேன். அடியில் உன் பெயர் இருந்தது. உன் வேலை, உன் ஊர் எல்லாம் ஒரு பிழை இல்லாமல் அடித்திருக்கிறார். அக்வாசி, நீ விடுபடவில்லை. அம்மாவுக்குக் கீழே இருந்தாய்.

ஆஸ்பத்திரியில் கடைசி ஞாயிறன்று மூன்று தடவை போனைக் காதில் வைத்தார். "வேலையில இருப்பான்" என்று என்னிடம் சொன்னார். திங்கட்கிழமை விடியலில் போய்விட்டார். அன்றைக்கு நீ வேலையிலா இருந்தாய்? எனக்கு இது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

அமா செர்வா

தமாலே
24 நவம்பர்

என் பெண்டாட்டிக்கு,

நலமில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து நலமில்லை.

வேலையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கல்லூரி திறந்திருக்கும்? வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. திரையில் 'அண்ணா' என்று வந்தது. அம்மாவின் அடக்கத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அடிப்பதுதான், அடிக்கட்டும் என்று விட்டேன். இரண்டாம் தடவை போனைக் கவிழ்த்து வைத்தேன். மூன்றாம் தடவை அது மேசையிலேயே நடுங்கி நகர்ந்து, என் தட்டில் இடித்து நின்றது. நான் சாப்பிட்டு முடித்தேன், அண்ணி. கோழி வறுவல். என்ன சாப்பிட்டேன் என்றுகூட நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எடுத்திருப்பேனா? எடுத்திருப்பேன் என்று ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஜூனில் அந்த நம்பரிலிருந்து ஏழு தடவை அடித்ததே, அன்றைக்குத் திரையில் மறுபடியும் 'அண்ணா' என்று வந்தது. போனைக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். நீங்கள்தான் என்று மறுநாள் புத்தி வந்தது. அவருடைய வரியில் என் பெயரைப் பார்த்ததும் பஸ் நிலையத்திலேயே நின்றுவிட்டேன். அந்தக் குரலை அழித்துவிட்டால் அண்ணன் என்னை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அதுதான் பொய்க்குக் காரணம். மன்னிக்கச் சொல்ல எனக்கு முகமில்லை.

எட்டாம் தேதி வியாழன் கிளம்புகிறேன். வெள்ளைத் துணி வாங்கிவிட்டேன். புது பேட்டரியும் வாங்கிவிட்டேன். நான் வந்து ஒரு தடவை கேட்கும்வரை நேரத்தைச் சரிசெய்யாதீர்கள்.

உங்கள் சின்னப் புருஷன்,
அக்வாசி

டெச்சிமான்
18 டிசம்பர் 2022, ஞாயிறு

என் சின்னப் புருஷனுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று அல்ஹசன் சொன்னான். இங்கே ஹர்மத்தான் காற்று கொண்டுவந்த புழுதி, மேசையில் விரலால் பெயர் எழுதலாம். வெள்ளை உடுத்தி ஒரு வாரமாகிறது. கண்ணாடியில் பார்த்தால் யாரோ போல இருக்கிறது. புத்தகம் நன்றாக வந்திருப்பதாக ஊரே சொல்கிறது. உடன்பிறந்தோர் பட்டியலை நீ மூன்று தடவை விரலை வைத்து எண்ணியதைப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை உன்னை அந்த அறையில் தனியாக விட்டுக் கதவைச் சாத்திவிட்டு நான் அடுப்படியில் நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து அவர் பேசியது கேட்டது. அடுத்த மணிக்கும் அதற்கடுத்த மணிக்கும் அவர் பேசியது கேட்டது. நீ வெளியே வந்தபோது பேட்டரியை மாற்றிவிட்டாய். "இனி சரியான நாள்ல மட்டும் பேசுவாரு" என்றாய். அந்த வரியை அழித்துவிடுவாயோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

இன்று நான் சர்ச்சுக்குப் போகவில்லை. காலையில் பெட்டியைப் போட்டேன். தேதி சரியாக இருந்தது. ஒன்பது மணிக்கு அவர் சொன்னார், போன் போடு என்று. வழக்கம்போல, எடுக்க மாட்டான் என்றும் சொன்னார். அவருடைய போனை எடுத்து உனக்குப் போட்டேன்.

முதல் மணி அடித்து முடியவில்லை, எடுத்துவிட்டாய்.

"அண்ணா" என்றாய். நான் அமா என்று உன்னைத் திருத்தவில்லை. "சாப்டியாண்ணா?" என்று கேட்டாய். "நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல" என்றாய். பிறகு லைன் கெட்டுவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தினாய்.

லைன் கெடவில்லை அக்வாசி. நன்றாகத்தான் இருந்தது. நீ பேசுவது அவருக்குக் கேட்கட்டும் என்று போனைப் பெட்டியின் ஸ்பீக்கர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறும் போடுகிறேன். வேளைக்குச் சாப்பிடு, ஆனால் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

அமா செர்வா